மீட்டர் சொன்னதும் பல்பு சொன்னதும்

ஒரு சனிக்கிழமை பகல் 12 மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்ற 1997 மாடல் மாருதி 800 மொத்தமாகச் செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் வழக்கமாக எரியும் சிவப்பு விளக்குகள் எரியவில்லை. ஹார்ன் இல்லை. ஹெட்லைட் இல்லை. கதவைத் திறந்தால் எரிகிற மேல் விளக்குகூட இல்லை. காலை 9 மணி வரைக்கும் இவை அத்தனையும் ஒழுங்காகத்தான் இருந்தன. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. எஞ்சினை முதலில் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரை நான் மாற்றினேன்.

மறுநாள் விடிவதற்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பித் திருச்செந்தூர் போக வேண்டும். தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமனோ கையெல்லாம் கிரீஸாக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு நிற்கிறான். "பஸ்ல போயிருலாமா?" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

இந்த வண்டியை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது: பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றித் தரை தெரிகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். அந்த முப்பது வருடத்தில் அடிப்படை பெரிதாக மாறவில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு ஸ்பேனர் செட்டும் இருந்தால் பாதி வேலையை நாமே பார்த்துவிடலாம். அப்பா அப்படித்தான் பார்த்தார். அவர் போன பிறகு நான் பார்க்கிறேன், அவரளவுக்குப் பொறுமை இல்லாமல்.

செல்ஃப் ஒரு மாதமாகவே மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. நான்காவது, ஐந்தாவது தடவை திருப்பும்போது ஏதோ மனசு வந்ததுபோல் சுற்றும். மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டு தன் வேலையைச் செய்கிறது, மோட்டாருக்குத்தான் சுற்றத் தெம்பில்லை என்பதற்கு அந்த "டக்" ஓர் அடையாளம். பேட்டரியில் குறை இல்லை என்றால், பெரும்பாலும் உள்ளே, சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

இடையில் ஒன்று. நம் ஊரில் இதை யாரும் ஸ்டார்ட்டர் என்று சொல்வதில்லை, செல்ஃப் என்றுதான் சொல்கிறோம். முன்காலத்தில் எஞ்சினின் முகப்பில் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போகும். 1912 கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார மோட்டார் வந்தபோது, வண்டி தானே கிளம்புகிறது என்பதால் அதற்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் அதில் பின்பாதியை வைத்துக்கொண்டார்கள், நாம் முன்பாதியை வைத்துக்கொண்டோம். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது. என் சிறு வயதில் தெருவில் ஓர் அம்பாசிடர் இருந்தது. அதன் ஹேண்டில் டிக்கியில் கிடக்கும். மழைக்காலத்தில் அதை எடுத்து அடிக்கிற காட்சியைப் பார்க்க நாங்கள் சின்னப் பையன்கள் கூடிவிடுவோம்.

சரி, கதைக்கு வருகிறேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பழையதைக் கொடுத்து ரீகண்டிஷன் செய்த செல்ஃப் ஒன்று வாங்கலாம் என்று முடிவு. கழற்றுவது பெரிய வித்தை இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளை ஒரு நட் பிடித்திருக்கும். சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஒன்று சும்மா செருகியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் கை நுழைய இடம் பற்றாது. அதனால் முதலில் பேட்டரியையே தூக்கி வெளியே வைத்தேன். பேட்டரி முனையைக் கவ்வுகிற பாசிட்டிவ் கிளாம்ப்போடு வந்த ஒயர்களை வளைத்து ஒரு பக்கமாகத் தள்ளி, குறுக்கே வராமல் இருக்கக் கயிற்றால் கட்டினேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

புது செல்ஃபை மாட்டி, பேட்டரியைத் திரும்ப வைக்கும்போது ஒரு தப்பு செய்தேன். பொதுவாக வண்டிகளில் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் சாதாரணம்தான். வண்டியின் பாடி மொத்தமும் நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டை முறுக்கினால், ஸ்பேனரின் மறுமுனை தகரத்தில் பட்டதும் ஷார்ட். நெகட்டிவ் மாட்டாமல் இருந்தால் ஸ்பேனர் தகரத்தில் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. இதை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று அவசரத்தில் நெகட்டிவை முதலில் மாட்டிவிட்டேன். ஸ்பேனர் ஃபெண்டரில் பட்டது. "பட்" என்று நீலமாக ஒரு பொறி. ஸ்பேனரில் மிளகு அளவுக்கு ஒரு குழி விழுந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை முடுக்கினேன்.

அப்புறம்தான் சாவியைத் திருப்பியது. மேலே சொன்ன மரணம்.

மனித மனம் முதலில் யாரைச் சந்தேகப்படும்? புதிதாக வந்தவனை. ரீகண்டிஷன் செல்ஃப் கோளாறு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தீர்மானித்துவிட்டேன். திரும்பக் கழற்றி, பைக்கில் வைத்து ஜங்ஷனுக்குக் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் அதை வைஸில் இறுக்கிப் பிடித்து, ஒரு பேட்டரியிலிருந்து இரண்டு கேபிளைக் கொடுத்தார். "வ்ர்ர்ர்" என்று சுற்றிப் பல்சக்கரத்தை வெளியே தள்ளியது. கடையில் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் போச்சு.

கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த அலைச்சலே வேண்டாம். செல்ஃப் கெட்டால் வண்டி சுற்றாது, அவ்வளவுதான். ஹார்னையும் மேல் விளக்கையும் அது எப்படிக் கொண்டுபோகும்? உள்ளுக்குள் நேரடியாக ஷார்ட் ஆகியிருந்தால் ஒழிய முடியாது. அப்படி ஆகியிருந்தால் பேட்டரி கேபிளை மாட்டிய நொடியிலேயே புகையும் பொறியுமாகக் காட்டிக்கொடுத்திருக்கும். என் வண்டியில் சத்தமே இல்லை.

திரும்பி வந்து மாட்டி முடிப்பதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். ஜம்பர் கேபிள் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. "தள்ளுனா கிளம்பிரும்" என்றார் இன்னொருவர். நான்கு பேர் சேர்ந்து தெரு முனை வரை தள்ளினார்கள். நான் இரண்டாவது கியரில் வைத்துக் கிளட்சை விட்டுவிட்டுப் பார்த்தேன். வண்டி குலுங்கியதே தவிர ஒரு இருமல்கூட இல்லை. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை உண்டாக்குகிற இக்னிஷன் காயிலுக்கே கரண்ட் போகாத வண்டியை ரதம் மாதிரி ஊர் கூடி இழுத்தாலும் பொறி வராது. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் உதவ வந்தவர்களிடம் அதைச் சொல்கிற தைரியம் இல்லை. தள்ளியவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு வோல்டும் தடையும் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தேன். இங்கேதான் நான் இன்றும் வெட்கப்படுகிற பகுதி வருகிறது. ஏனென்றால் நான் மிகவும் ஒழுங்காக வேலை செய்தேன்.

சாவியை உருவிப் பையில் போட்டேன். ஹெட்லைட் சுவிட்சை அணைத்தேன். ஃபியூஸ் பாக்ஸைப் பார்க்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். மேல் விளக்கு பேட்டரியைத் தின்றுவிடப் போகிறது என்று, எரியாத அந்த விளக்கின் சுவிட்சையும் தள்ளி அணைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. பேட்டரியில் வைத்து அளந்தால் 12.4 வோல்ட். புது பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் செல்லுக்கு 2.1 வீதம் ஆறு செல்லுக்கு 12.6 இருக்கும். 12.4 என்பது முக்கால்வாசி. குறை சொல்ல முடியாது. நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு கேபிள் போட்டு எர்த்தையும், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்புகிற பாதையையும், சோதித்தேன். மாற்றமில்லை. ஃபியூஸ்கள் ஒவ்வொன்றையும் உருவி அளந்தேன். எல்லாம் நல்லது. கடைசியாக ஃபியூஸ் பாக்ஸுக்குள் வருகிற மெயின் ஒயரில் ஊசியை வைத்தேன். 12.3 வோல்ட்.

அங்கேதான் நான் தொலைந்தேன். பேட்டரியில் கரண்ட் இருக்கிறது. ஃபியூஸ் பாக்ஸ் வரை வந்தும் இருக்கிறது. ஃபியூஸ்கள் நல்லவை. ஆனால் எதுவும் எரியவில்லை. இக்னிஷன் சுவிட்ச் என்றால் ஹார்னும் மேல் விளக்கும் அதன் வழியாகப் போவதில்லை. ஹார்ன், மேல் விளக்கு, ஹெட்லைட், மீட்டர் போர்டு எல்லாம் ஒரே நாளில், ஒரே மணியில் தனித்தனியாகக் கெட்டிருக்க வேண்டும். அப்படியும் ஒரு சாத்தியத்தை நான் ஐந்து நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாலை 4 மணிக்கு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அப்பா காலத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன். இப்போது கடையை மகன் பார்க்கிறார். இவர் பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் சைக்கிளில் வருவார். வேலைக்கு வரும்போதும் வெள்ளை வேட்டிதான். கேரியரில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து அவர் எடுத்த ஆயுதம், ஒரு ஹோல்டரில் மாட்டிய இண்டிகேட்டர் பல்பு. 21 வாட். ஹோல்டரிலிருந்து இரண்டு நீளமான ஒயர். ஒன்றின் முனையில் கிளிப், இன்னொன்றின் முனையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் தீட்டிய ஊசி. அவ்வளவுதான்.

நான் மல்டிமீட்டரை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். கல்யாண வீட்டில் அடுத்தவர் குழந்தையைப் பார்த்துச் சொல்வது மாதிரி.

"செல்ஃப் மாத்துறதுக்கு என்னெல்லாம் கழட்டுனிய?"

சொன்னேன். இரண்டு போல்ட், ஒரு நட், ஒரு ஒயர்.

"அதுக்கு முன்னால?"

"பேட்டரி, அண்ணாச்சி."

"ம்" என்றார்.

பல்பின் கிளிப்பைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, ஊசியைப் பாசிட்டிவில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. கிளிப்பை மாற்றி எஞ்சின் மேல் மாட்டினார். எரிந்தது. பாடியில் மாட்டினார். அதே வெளிச்சம். எர்த் பற்றிய என் சந்தேகம் பத்து நொடியில் தீர்ந்தது. பிறகு கிளிப்பைப் பாடியிலேயே விட்டுவிட்டு, ஊசியை ஃபியூஸ் பாக்ஸின் மெயின் ஒயரில் வைத்தார். பல்பு எரியவில்லை. மங்கலாகக்கூட இல்லை. கம்பி சிவக்கவே இல்லை.

"அதுல 12.3 காட்டுச்சே அண்ணாச்சி!"

"காட்டும். எரியாது லா."

அடுத்து ஒரு காரியம் செய்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கம்பியை ஆட்டிப் பார்த்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றால் செல்ஃபின் தடித்த கேபிள் நட்டையும், சாவி ஒயர் செருகுகிற முனையையும் சேர்த்துத் தொட்டார். எஞ்சின் "கிர்ர்ர்" என்று சுற்றியது. காலையிலிருந்து அந்த வண்டி எழுப்பிய முதல் சத்தம். வீட்டுக்குள்ளிருந்து அம்மா, "சரியாயிட்டா?" என்றாள்.

சரியாகவில்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் படம் விளங்கியது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று விரல் தடிமன் கேபிள். வேறெங்கும் நிற்காமல் நேராகச் செல்ஃபுக்குப் போகிறது. செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கும் மேலே உறிஞ்சும் என்பதால் அதில் ஃபியூஸ் கிடையாது. இன்னொன்று ஒல்லியான ஒயர். அது ஒரு சாண் நீளமுள்ள, ஃபியூஸ் மாதிரி உருகிக் காக்கிற ஃபியூசிபிள் லிங்க் என்ற ஒயர் வழியாக ஃபியூஸ் பாக்ஸுக்கும் இக்னிஷன் சுவிட்சுக்கும் போகிறது. வண்டியில் உள்ள மற்ற எல்லாமும் இந்த இரண்டாவது பாதையில்தான் தொங்குகின்றன. செல்ஃபுக்குச் "சுற்று" என்று உத்தரவு போடும் ஒயருக்கும் கரண்ட் இதிலிருந்துதான். அதனால் இந்த ஒல்லி ஒயர் போனால், தடிமன் கேபிள் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வண்டி பிணம். ஸ்க்ரூடிரைவர் செய்தது, அந்த உத்தரவைக் கையால் கொடுத்ததுதான்.

அண்ணாச்சி பாசிட்டிவ் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் அந்த லிங்கை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ரப்பர் பேண்டு மாதிரி நீண்டது.

செம்புக் கம்பி உள்ளே முழுதாக இருக்கிற ஒயர் நீளாது. நீண்டால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் உறைதான். பிளேடால் கீறிக் காட்டினார். ஒயர் முனையில் மாட்டுகிற உலோக வளையமான லக்கில் நசுக்கிப் பிடித்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செம்பு இருந்த இடத்தில் பச்சைத் தூளும் கறுத்த இழைகளும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் அதை வருடக்கணக்கில் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தவன். அந்த ஆசிட் ஈரம் லக் வழியாக உறைக்குள் ஏறி, செம்பை மெல்லத் தின்றிருக்கிறது. ஒன்றிரண்டு இழைகளில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான் அந்த ஒயரை வளைத்துக் கயிற்றால் கட்டினேனே, அங்கே மிச்சமும் போய்விட்டது. கால் நூற்றாண்டு பழைய ஒயர்மேல் குற்றமில்லை. டெர்மினலைக் கழுவாதது நான், வளைத்ததும் நான்.

மனசாட்சி உறுத்தியதால் பொறி பறந்த விஷயத்தையும் சொன்னேன். அதுதான் லிங்கை எரித்திருக்கும் என்று காலையிலிருந்தே உள்ளுக்குள் ஒரு பயம். அண்ணாச்சி சிரித்தார்.

"அது எந்த வழியா வந்து இதை எரிக்கும்? பேட்டரி, ஸ்பேனர், பாடி, திரும்ப பேட்டரி. இந்த ஒயர் அந்த ரூட்லயே இல்ல. ஆனா கண்ணு முக்கியம் தம்பி, அடுத்த வாட்டி நெகட்டிவ் கடைசியா போடுங்க."

நியாயம்தான். எரிந்த லிங்க் என்றால் உறை உப்பிக் கறுத்திருக்கும். இது அரித்த லிங்க். கண்ணெதிரே பெரிய பொறி பறந்தால் நாம் அதையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். கயிறு கட்டியதற்குச் சத்தமே இல்லை, அதனால் அது நினைவிலேயே நிற்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் அந்த 12.3 வோல்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பொய் சொன்னதா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாக வருகிறது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அது ஒயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். அந்த அரித்த இடத்தின் பச்சைத் தூளுக்கு ஒரு 200 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிக்கு முன்னால் 200 எம்மாத்திரம்? மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட்கூடக் குறையாது. ஆனால் 12 வோல்டில் 21 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 7 ஓம்தான். 200-ம் 7-ம் பங்கு போட்டுக்கொண்டால் பல்புக்கு மிஞ்சுவது அரை வோல்ட்கூட இல்லை. கம்பி சூடேறாத நிலையில் இன்னும் குறைவு. எப்படி எரியும்?

எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றில் ஒரு கயிறு உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இத்துப் போயிருக்கும். வெறும் வாளியை இறக்கினால் தாங்கும். தண்ணீர் மொண்டு தூக்கினால் பாதியில் அறுந்துவிடும். நான் காலையிலிருந்து வெறும் வாளியை இறக்கி இறக்கி, கயிறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாவியை உருவி, ஹெட்லைட்டை அணைத்து, மேல் விளக்கையும் அணைத்து, வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சியின் பல்பு, தண்ணீரோடு தூக்கிப் பார்த்தது.

மீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அதே மீட்டரால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டு அதே மெயின் ஒயரில் அளந்திருந்தால், 12.3 அப்படியே சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போயிருக்கும். இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. சுவிட்ச் போட்டிருக்கும்போது மீட்டரின் ஓர் ஊசியை பேட்டரி பாசிட்டிவ் முனையிலும் மற்றதை ஃபியூஸ் பாக்ஸின் மெயின் ஒயரிலும் வைப்பது. இரண்டும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். பாதை நல்லது என்றால் 0.1, 0.2 வோல்ட்தான் காட்ட வேண்டும். 12 காட்டினால், மொத்த வோல்டும் அந்தப் பாதைக்குள்ளேயே எங்கோ தொலைகிறது. எர்த் பக்கமும் இதே சோதனைதான். பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே அளக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியை அளந்து, 10 வோல்டுக்குக் கீழே ரொம்ப இறங்குகிறதா என்று பார்ப்பதும் இதே ரகம்தான். சும்மா இருக்கும்போது எல்லா பேட்டரியும் யோக்கியன்.

லிங்கை மாற்றியது சின்ன வேலை. ஆனால் அதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அப்போது மணி 5. கடை மூடுவதற்குள் வண்ணார்பேட்டை போய் லிங்க் வாங்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. அந்த ஒரு சாண் இடத்தில் ஒரு நல்ல தடிமனான ஒயரைப் போட்டு முறுக்கி டேப் சுற்றிவிட்டால் என்ன என்றேன். காது குத்து முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாமே.

"டைரக்ட் குடுத்தா ஓடும் தம்பி. எரியவும் செய்யும்."

லிங்க் என்பது வேண்டுமென்றே ஒல்லியாக வைத்த ஒயர். அது காக்கிற ஒயரைவிட நாலு கேஜ் அளவுக்கு மெலிந்தது. எங்காவது பெரிய ஷார்ட் ஆனால் தான் முதலில் உருகி மற்றதைக் காப்பாற்றும். அதன் உறையும் தீப்பிடிக்காத ரகம். உள்ளே செம்பு உருகினாலும் உறை தாங்கி நிற்கும். அந்த இடத்தில் தடிமனான சாதா ஒயரைப் போட்டால், அடுத்த ஷார்ட்டில் உருகப் போவது டாஷ்போர்டுக்கு உள்ளே ஓடுகிற வயரிங் மொத்தமும். வாயை மூடிக்கொண்டு பைக்கை எடுத்தேன். வீட்டு ஃபியூஸ் கேரியரில் தடிக் கம்பி கட்டிய ஆட்களைத் திட்டியே வளர்ந்தவன், என் வண்டியில் அதையே செய்யப் பார்த்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் அவர் டெர்மினல்களைக் கழற்றி வெந்நீர் ஊற்றி உப்பைக் கரைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். புது லிங்கை மாட்டி, லக்கை முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினார். பாசிட்டிவ் முதலில். நெகட்டிவ் கடைசியில். அதைப் போடும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இப்போதைய வண்டிகளில் இந்த லிங்க் ஒயர் வடிவத்தில் இருப்பது குறைவு. பேட்டரி பாசிட்டிவ் மேலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போல்ட் போட்டு முடுக்கிய மெயின் ஃபியூஸாக உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறந்தாலே உருகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த போல்ட் தளர்ந்தாலும் இதே கூத்துதான். சில வண்டிகளில் செல்ஃபின் நட்டிலேயே இரண்டு லக் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஒன்று பேட்டரி கேபிள், இன்னொன்று வண்டியின் மற்ற வயரிங்குக்குப் போவது. செல்ஃப் மாற்றும்போது அந்த இரண்டாவதை மாட்ட மறந்துவிட்டால் என் வண்டி மாதிரியே மொத்தமும் இருட்டு. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இப்போது என் வழக்கம். ஓடுகிற எஞ்சினில் பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றி "டைனமோ சார்ஜ் பண்ணுதா" என்று பார்க்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. புது வண்டிகளில் தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி திடீரென்று விலகினால், டைனமோ என்று அவர்கள் சொல்கிற ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி உள்ளேயிருக்கும் எலக்ட்ரானிக்ஸைக் கொன்றுவிடலாம்.

சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்குகள் வந்தன. ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. ஹார்னை நான் அடித்த அடியில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து கும்பிட்டார். காசு கேட்டால் அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. நானாக ஒரு தொகையைக் கையில் வைத்தேன். எண்ணாமல் மடித்து இடுப்பில் செருகினார். சைக்கிளை எடுக்கப் போனவர் நின்றார். நான் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எல்லாம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடது இண்டிகேட்டர் போடுங்க" என்றார்.

போட்டேன். டிக் டிக் என்று அடித்தது.

"தாளம் சரியில்ல பாத்தியளா? பின்னாடி ஒண்ணு எரியல."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்பக்க இடது இண்டிகேட்டர் அணைந்து கிடந்தது. எத்தனை மாதமாகவோ. இதற்கும் செல்ஃபுக்கும் சம்பந்தமில்லை, பல்பு ஃபியூஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான். மணி 7 தாண்டிவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையெல்லாம் மூடியிருக்கும்.

அண்ணாச்சி மஞ்சள் பையைத் திறந்தார். சோதனை விளக்கின் ஹோல்டரிலிருந்து அந்த 21 வாட் பல்பை அழுத்தித் திருகி எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்து என் கையில் வைத்தார்.

"போட்டுக்கோங்க. இருட்டுல போறிய. திருச்செந்தூர் போயிட்டு வந்து ஒண்ணு வாங்கிக் குடுங்க."

திங்கட்கிழமை காலை இரண்டு பல்பும் ஒரு ஹோல்டரும் வாங்கினேன். ஒரு பல்பை, இலை விபூதிப் பிரசாதத்தோடு சேர்த்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொன்று ஹோல்டரோடும் இரண்டு முழம் ஒயரோடும் டாஷ்போர்டு அறைக்குள், மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.